இரண்டாவது விசில்

ஒரு விசில் என்றால் நில்,
இரண்டு என்றால் போ.
பத்தொன்பது வருஷம் இந்த இரண்டு சொல்லை வைத்தே
வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில்
பிழைப்பு ஓடியது.

சித்திரையில் காய்ச்சல்.
அக்னி நட்சத்திரம் முழுக்கக் குப்புறப் படுக்க வைத்தார்கள்.
வீட்டிலிருந்து வந்த தலையணை உறையில்
வேதவல்லி எப்போதோ பின்னிய பச்சைக்கிளி.
அதன் ஒற்றைக் கண்தான்
பதினோரு நாள் எனக்குப் பேச்சுத்துணை.

காய்ச்சல் இறங்கிப் போய்விட்டது.
மூட்டையை மட்டும் என் நெஞ்சுக்குள்ளேயே
மறந்துவிட்டது.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கி
"தேய்ச்ச கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் டாக்டர்.
எனக்குப் புரிந்தது.
மார்கழியில் முதல் சிங்கிள் எடுக்கும்போது
பின்கண்ணாடி அப்படித்தான் இருக்கும்.
லத்தேரி தாண்டி வெயில் ஏறினால்தான் தெளியும்.
"நம்ம லத்தேரி எப்ப சார்?" என்று கேட்க வாயெடுத்தேன்.
இருமல் முந்திக்கொண்டது.

பெனிட்டா என்ற பெண் ஒரு பிளாஸ்டிக் டப்பா தந்தாள்.
மூன்று அறை, மூன்று பந்து.
"ஊதாதீங்கண்ணா, உறிஞ்சுங்க."
ஊதியே சோறு தின்றவனிடம்!
முதல் பந்து ஆனியில் எழுந்தது.
இரண்டாவது ஆடிப்பெருக்கன்று;
அதற்காகவே வீட்டில் பாயசம்.
மூன்றாவது,
கூட்ட வண்டியிலும் சீட்டை விட்டு அசையாத
பெரிய மனுஷன்.

மாத்திரையில் முகம் உப்பியது, பசி பேயாய்ப் பிடித்தது.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பை
சட்டியோடு வழித்துத் தின்றேன்.
"இன்னா, நல்லா தேறிக்கினு கீற" என்றது தெரு.

மாடிப்படி பதினாறு.
நாலாவது படி விருதம்பட்டு, எட்டாவது காட்பாடி,
பன்னிரண்டாவது லத்தேரி.
அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.
மொட்டைமாடிக்குப் பட்டத்தோடு ஓடிவரும்
கீழ்வீட்டுப் பையன், நான் எழுந்து வழிவிடும்வரை
வாலைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பான்.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு:
தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை,
சாமியில்லா கோயில், ராஜாயில்லா கோட்டை.
டிப்போவில் ஒன்று சேர்த்துவிட்டார்கள்,
காத்தில்லா கண்டக்டர்.
நானும் சிரிக்கப் பார்த்தேன்.
சிரிப்புக்கும் காற்று வேண்டும் என்று
எவனும் எனக்குச் சொன்னதில்லை.

கோட்டைக்குள் சாமி திரும்பி வந்து
நாற்பது வருஷம் ஆகிறது.
இந்தக் கார்த்திகை பிறந்ததும்
ஆறும் வந்தது.

ஊரே பாலத்தில்.
பாதி ஆட்டோ, பாதி நடை என்று நானும் போனேன்.
கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பார்த்தால்
பாலாறு செம்மண் குழம்பாய்ப் புரள்கிறது,
வேரோடு ஒரு பனை, ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி,
அதன்மேல் அலட்டிக்கொள்ளாமல் ஒரு காகம்.

அப்போது கூட்டத்தைப் பிளந்து ஊர்ந்து வருகிறது
என் வண்டி. ஜபருல்லா ஓட்டுகிறான்.

சட்டைப்பையில் விசில் இருந்தது.
ஆறு மாதமாய்த் துவைக்கும்போதெல்லாம் வேதவல்லி
அதை எடுத்து வைப்பாள், காய்ந்ததும் திரும்பப் போடுவாள்.
ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாயில் வைத்தேன்.
முதலில் வெறும் எச்சில்.
பிறகு உள்ளேயிருந்த பட்டாணி
தூக்கம் கலைந்தாற்போல் புரண்டது.
ஒன்று.

ஜபருல்லா பிரேக்கை மிதித்தான்.
இறங்க ஆளில்லை. ஏற ஆளில்லை.
பக்கக் கண்ணாடியில் என் உப்பிய முகத்தைத் தேடிப் பிடித்தான்.
பின்னால் லாரி அலறுகிறது.
உள்ளே புதுப் பையன் தொண்டை கிழிய
"ரைட்! ரைட்! போண்ணா!"
வண்டி நகரவில்லை.

இரண்டாவதுக்குக் காற்றுச் சேர்க்கிறேன்.
பெனிட்டா சொன்னபடி, ஊதாமல், முதலில் உறிஞ்சி:
டீசல், ஈரமண், யாரோ வறுக்கும் கடலை,
விருதம்பட்டு,
காட்பாடி,
கொஞ்சம் பொறு ஜபருல்லா,
லத்தேரி வந்துகொண்டே இருக்கிறது.