வெள்ளி போகும் வழி

பிப்ரவரியில் மரநாய் வந்து போனது.
பதினோரு உயிர். ஒன்றையும் தின்னவில்லை.
கழுத்தை மட்டும் கடித்து
வரிசையாகப் போட்டிருந்தது,
கணக்கு ஒப்படைப்பது போல.

மிஞ்சியவள் ஒருத்தி,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.
வெள்ளிக் கழுத்து, உடம்பெல்லாம் கறுப்பு வரி,
மையில் முக்கியெடுத்த கண்.
காலில் அலுமினிய வளையம், எண் 417.
சுத்தமான பிராக்கல்.
வெள்ளிச் சேவல் ஒன்றுகூட இல்லை.

ஓடிலோன் தன்னுடைய பொன்னிறச் சேவலை
உருளைக்கிழங்குப் பெட்டியில் வைத்து
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான்.
"பொன்னும் வெள்ளியும் சேர்ந்தால்
என்ன வரும், லுட்கார்ட்?"
"குஞ்சு வரும்" என்றேன்.

இன்குபேட்டரில் இருபத்தொரு நாள்.
பதினான்கில் ஒன்பது பொரிந்தன.
ஐந்து பழுப்பு, நான்கு வெளிறல்.
தூக்கிப் பார்க்கத் தேவையில்லை,
தூவியே சொல்லிவிட்டது:
பழுப்பு எல்லாம் பெட்டை,
வெளிறல் எல்லாம் சேவல்.

இந்த நிறத்தை வைத்துக்கொள்ள
கோழிக்கு இருப்பது ஒரே ஒரு மடி.
சேவலுக்கு இரண்டு.
அந்த ஒன்றையும் அவள்
மகனுக்கே அவிழ்த்துக் கொட்டுகிறாள்.
மகளுக்கு வெறுங்கை.
மகள் அப்பனின் பொன்னை உடுத்திக்கொண்டு
அம்மாவின் இறக்கைக்கடியிலேயே தூங்குகிறாள்.

இருபது வருஷமாக என் பட்டியில் ஒரே சட்டம்.
கூவத் தொடங்கிய வாரமே
சேவல் பீரில் வேகும்,
வெங்காயத்தோடு, ஒரு துண்டு ரொட்டியோடு.
அந்த ஆகஸ்டில் நான்கும் கூவின.
ஒன்றன்பின் ஒன்று,
துருப்பிடித்த கதவு போல.
பானையை எடுத்தேன்.
துடைத்துத் திரும்ப வைத்தேன்.
உள்ளே இருப்பது அவளுடைய வெள்ளி.
வேறெங்கும் இல்லை.

அக்டோபரில் ஸோட்டெகெம் கண்காட்சி.
நல்லதாக ஒன்றைத் தேர்ந்து கொண்டுபோனேன்.
நடுவர் கழுத்து இறகை விரித்து
விளக்கடியில் பிடித்தார். அட்டையில் எழுதினார்:
மஞ்சள் பூத்திருக்கிறது. தூய வெள்ளி அல்ல.
எழுபத்தெட்டு மதிப்பெண்.
எனக்குக் கோபம் வரவில்லை. மனிதருக்குக் கண் இருக்கிறது.
வெள்ளிக்குள் ஓடிலோனின் பொன்
மூச்சடக்கி உட்கார்ந்திருப்பதை
அவர் பார்த்துவிட்டார்.

வசந்தத்தில் அந்தச் சேவலை
417 இருந்த கூண்டிலேயே விட்டேன்.
ஓடிலோன் முகத்தைச் சுளித்தான்.
"தாயும் மகனுமா?"
"கோழிக்கு முறை ஏது?
உனக்கு வேறு வழி தெரிந்தால் சொல்."
அவன் தொப்பியைச் சரி செய்துகொண்டான்.

அவள் முட்டையைக் குறைத்துவிட்டாள்.
வாரத்துக்கு இரண்டு, ஓடு மெலிந்து.
கிடைத்ததில் ஏழு பொரிந்தன.
இரண்டு பழுப்பு: பெட்டை, சந்தேகமில்லை, பொன்.
ஐந்து வெளிறல்.
ஆனால் இந்த முறை
தூவி வாயைத் திறக்கவில்லை.
அப்பனிடம் இரண்டும் இருக்கிறது.
மகளுக்கு அதில் எது போனதோ,
வெள்ளியா, பொன்னா,
நாணயம் சுண்டியது போலத்தான்.
வெளிறல் மகனாகவும் இருக்கலாம்,
மகளாகவும் இருக்கலாம்.

ஐந்தாவது வாரம்.
மூன்றின் கொண்டை சிவந்துவிட்டது.
ஒன்று எப்படியும் போகலாம்,
நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி.
இன்னொன்று
ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து
நெஞ்சு இறகைக் கோதுகிறது,
கொண்டை ஒரு நகக்கீறல் அளவே.

தினமும் ஐந்து மணிக்கு எழுந்து
சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.
பனி உள்ளே வருகிறது. காபி ஆறுகிறது.
பட்டியில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள்.
நீயாக இருக்காதே, பெண்ணே.
கூவிவிடாதே.