ஒழுங்கான வினைகள்

பாகம் ஒன்று பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில்
நூற்றிருபது ரூபாய்.
பாகம் இரண்டு வரவேயில்லை என்றான் கடைக்காரன்.
ஒழுங்கான பிரெஞ்சு வினைகள் ஒன்றில்,
ஒழுங்கற்றவை இரண்டில்.
ஆகவே எனக்கு வா தெரியாது, போ தெரியாது,
இரு என்பதும் தெரியாது.
தேடு தெரியும்.

காலை ஐந்தரை. உப்புவெளியில் படகைத் தள்ளுகிறோம்
நிஸ்வானும் நானும்.
நாலு பிரான்ஸ்காரர், ஆளுக்கொரு செம்மஞ்சள் மிதவைச் சட்டை,
திமிங்கிலம் பார்க்க வந்தவர்கள்.
அணியத்தில் குந்தியிருந்து வாய்க்குள் சொல்கிறேன்:
ஜ ஷெர்ஷ். த்யு ஷெர்ஷ். இல் ஷெர்ஷ்.
நு ஷெர்ஷோன். வு ஷெர்ஷே.
இல் ஷெர்ஷ்.
“என்ன, ஓதுறியா?” என்கிறான் நிஸ்வான்.

நான் தேடினாலும் நீ தேடினாலும் அவன் தேடினாலும்
எழுத்தில் வால் மாறும், காதுக்கு ஒரே சொல்.
அவர்கள் தேடுகிறார்கள் என்பதற்குக்
கடைசியில் மூன்று எழுத்து. மூன்றும் ஊமை.
எழுதத்தான் வேண்டும், வாசிக்கக் கூடாது.
எழுதாமல் விட்டால் பிழை.

எங்கள் பாஷையில் இந்தத் தொல்லை இல்லை.
தேடுகிறாள் என்றால் போதும்,
அந்த ளகர ஒற்றிலேயே அண்ணி தயாநிதி நிற்கிறாள்,
கையில் லேமினேட் செய்த படம்.
பிரெஞ்சிலோ ஆளை முன்னுக்கு நிறுத்தாமல்
வினை ஒரு அடி நகராது.
யார் தேடுவது? முதலில் அதைச் சொல்லு.
பழைய காவலரண் மாதிரி.

கோணேசர் மலை விரல்நுனி அளவாகிவிட்டது.
கச்சான் இன்னும் எழும்பவில்லை, கடல் எண்ணெய் போல.
நேவிப் படகொன்று எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது.
வெயிலில் மூக்கு உரிந்த ஒருத்தி
எப்போது, எப்போது என்று கேட்கிறாள்.

காத்திரு என்பதும் பாகம் ஒன்றில்தான்,
நாற்பத்தெட்டாம் பக்கம்.
நான்: ஜத்தான். நீ: த்யு அத்தான். அவன்: இல் அத்தான்.
முந்தாநாள் இரவு இதைச் சத்தமாய்ப் படித்தபோது
பாத்திரம் கழுவிய அண்ணி கையை நிறுத்திச் சிரித்தாள்.
அண்ணனை அவள் கூப்பிடும் விதம் அது.
இல் என்றால் அவன், என்று விளக்கினேன்.
எங்களுக்கு இல் என்றால் வீடு.
இல்லாததும் அதுவே.
பிறகு அவள் சிரிக்கவில்லை.

பதினேழு வருசமாக என்றாலும்
நிகழ்காலமே போதும் என்கிறது புத்தகம்.
அதில் அவர்களும் நாங்களும் ஒன்று.
கச்சேரியில் தந்த படிவத்தில் அண்ணி அப்படித்தான் எழுதினாள்,
காத்திருக்கிறேன் என்று.
இறந்தகாலத்தில் எழுதினால் காசு கெதியாய் வரும்
என்றார் எழுதுவினைஞர், நல்ல மனதோடுதான்.
அவள் பேனையை மூடி
அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஒன்று மட்டும் நானாகக் கண்டுபிடித்தது.
ஒருவன் காத்திருந்தால் அந்த வினையின் தகரம்
தாளில் இருக்கும், நாக்கில் இராது.
பலர் காத்திருந்தால்,
இல்ஸ் அத்தாந்த்.
கேட்கிறது.
முதலாம் தரம் பிழையாய் வாசித்தேன் என்று நினைத்தேன்.
கச்சேரி வாசலில் வெள்ளிக்கிழமைகளில்
முப்பது, முப்பத்தைந்து பேர் இருப்பார்கள்,
மழை என்றால் குறைவு.

மூக்கு உரிந்தவள் மறுபடி கேட்கிறாள்.
நுஸ் அத்தாந்தோன், என்கிறேன்.
நாமா நாங்களா என்று பிரித்துக் கேட்காத சொல்.
அவள் என் உச்சரிப்பைத் திருத்தி
ஒரு தரம் மெதுவாகச் சொல்லிக் காட்டுகிறாள்.
நானும் சொல்கிறேன்.
நிஸ்வான் எஞ்சினை நிறுத்துகிறான்.
படகின் வயிற்றைத் தண்ணீர் தட்டும் சத்தம்.