உவர்மலை வகுப்பு

மேசை பெண்ணாம். கத்தி ஆணாம்.
ஏனென்றால், பெர்னதெத் மிஸ்
"ஏனெண்டில்லை, பாடமாக்குங்கோ" என்கிறா.

கொட்பே ஐஸ் கொம்பனியில்
பகலெல்லாம் கட்டி எண்ணுகிறவன் நான்.
ஐஸும் பெண்ணாம்.
பாவம், இத்தனை நாள்
அஃறிணையில் கிடந்து கரைந்தது.

ஆலங்கேணி யசோமதி கேட்டாள்:
"வாசிக்காத எழுத்தை ஏன் எழுதுவான்?"
பாரிசுக்கே கடைசி எழுத்து ஊமை.
மிஸ் சிரித்தா. சோக்கட்டி முறிந்தது.

எனக்கொரு கேள்வி மிச்சம்.
'நீ'க்கு ஒரு சொல், 'நீங்க'ளுக்கு ஒரு சொல்,
நடுவில் நிற்கிற 'நீர்'?

மிஸ் யோசித்தா.
வெளியே மதிலோரம் மானொன்று
பேப்பர் தின்றுகொண்டிருந்தது.
"அப்பிடி ஒண்டு அங்க இல்லை."

படியிறங்கையில் யசோமதி,
"நீர் பஸ்ஸிலயோ போறீர்?"

சைக்கிள் திறப்பைச்
சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு
ஓமென்றேன்.