வெளிச்சப் பெட்டி

பகலில் என் வேலை
ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் துணியை வைத்துப் பார்ப்பது.
முதல் பொத்தான், பகல்.
இரண்டாவது, வெளிநாட்டுக் கடையின் குழல்விளக்கு.
மூன்றாவது, யாரோ ஒருவர் வீட்டு மஞ்சள் பல்பு.
பகலில் மாதிரியோடு ஒட்டிப்போன கருநீலம்
மஞ்சளில் ஊதாவாகப் பல்லிளிக்கும்.
சீட்டில் எழுதுவேன்: சாயம் மறுபடி.

ராத்திரி பல்லடத்தில்,
கீழே தறி ஓட மேசை நடுங்கும் மாடியறையில்,
நானும் பர்வேஸும் ஒரு வீடியோ கேம் செய்கிறோம்.
சந்தை வண்டியிலிருந்து குதித்த கருப்புச் செம்மறி
விடியுமுன் தன் கொறங்காட்டுக்குத் திரும்ப வேண்டும்.
அவ்வளவுதான் கதை.
நிரல் அவனுடையது. வானமும் வேலியும் என் பாடு.

மூன்றாம் கட்டத்துக்கு
பதினாறு ராத்திரி கிளுவை வேலி வரைந்தேன், முள் முள்ளாக.
வெள்வேல மரத்துக்கு இலை இலையாக நிலா தடவினேன்.
விளக்கு மட்டும் பதினேழு.
கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது.
அதன் நடுவில் ஆடு
மொய் எழுத வந்து செருப்பைத் தொலைத்தவர் போல நின்றது.

லேபில் என் பக்கத்து நாற்காலி சௌடேஸ்வரி.
சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தாள்.
வேலியில் நாற்பது தடவை முட்டினாள்.
"வெளிச்சமா இருக்குதேன்னு போனனுங்.
வழி அங்க இல்லீங்களா?"
போன் தோசைக்கல்லாகக் காய்ந்தது.
படம் திக்கித் திக்கி நகர்ந்தது.

பர்வேஸ் சொன்னான்:
"முள்ளெல்லாம் தெரியுது. ஆட்டைத்தான் காணோம்."
அதன்பின் மூன்று நாள் நாங்கள் பேசவில்லை.

ஞாயிறு, குண்டடம் தாண்டி பைக் பஞ்சர்.
தள்ளிக்கொண்டு நடந்தோம்.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒரே நேரத்தில் எரிந்தன, ஒரே நேரத்தில் அணைந்தன.
அணைந்தபோது காற்றாலையும் இல்லை, இரைச்சல் மட்டும்.
வேலிக்கு முள்ளே கிடையாது,
கத்தரித்து ஒட்டிய கருப்புத் தாள்.
பக்கத்துப் பனையைவிடத் தூரத்துப் பனை வெளுப்பு,
அந்த இருட்டிலும்.
வடக்கே மேகத்தின் அடிவயிற்றில்
துருவேறிய ஆரஞ்சு. திருப்பூர்.
அங்கே ராத்திரி ஷிப்டில் யாரோ
என் பெட்டிக்கு வரப்போகும் துணியைச்
சாயத்தில் முக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஆடு அதை விட்டுத்தானே ஓடுது," என்றான்.
பைக்கை என் கையில் கொடுத்துவிட்டு நின்றான்.

பதினாறு ராத்திரியைக் கருப்பால் மெழுகினேன்.
மூன்று முள் மட்டும் விட்டேன்,
ஆரஞ்சு ஊடுருவும் சந்தில்.
வேலி வேகமாக ஓடும், பனை மெல்ல,
காற்றாலை நகர்ந்தது தெரியாது, வானம் அசையவே அசையாது.
பஸ் ஜன்னலில் எல்லோரும் பார்த்ததுதான்.
அவன் அதற்குத் தசமத்தில் எண் கொடுத்தான்.

ஊரின் வெளிச்சத்தை ஆட்டுக்குப் பின்னால் வைத்தோம்.
நிழல் முன்னால் நீண்டது, படல் இருக்கும் பக்கமாக.
அத்தனை தூரத்து வானம் நிழல் போடாது,
எனக்குத் தெரியும்.
போடட்டும்.
சிவப்பு எரியும் அரை நொடி
ஆட்டின் முதுகில் மயிரளவு விளிம்பு.
அப்புறம் இருட்டு. அப்புறம் விளிம்பு.
பதினேழில் மிச்சம் இரண்டு.

மறுபடி சௌடேஸ்வரி.
வலது கை ரசஞ்சோற்றில் ஓய்ந்திருக்க
இடது கட்டைவிரலால் ஓட்டினாள்.
நிழலைப் பிடித்துக்கொண்டே போனாள்.
வேலியை ஏறிட்டும் பார்க்கவில்லை,
என் மூன்று முள்ளையும்.
"வானம் ஏனுங் ஊதாவா இருக்குது?"

எட்டிப் பார்த்தேன்.
கண் கூசாமலிருக்க மஞ்சள் திரை போட்டு வைத்திருக்கிறாள்.
என் கருநீல ராத்திரி
மூன்றாவது பொத்தானில் மாட்டியிருந்தது.
பழக்கத்தில் சீட்டைத் தேடிக் கை போனது.

சங்கு ஊதியது.
ஆட்டை நிறுத்தாமலேயே
போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டாள்.
ஏற்றுமதியில் கழிந்த வெள்ளை பனியன் துணிப் பை.
பெட்டிகளைத் தாண்டி அவள் நடக்க
அதற்குள்ளிருந்து
விட்டு விட்டு ஒரு சிவப்பு.