எண்ணெய் பட்ட அத்தியாயம்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னாலை
இறைப்பு மெசின் திருத்துற கடை என்ரை.
லாச்சிக்குள்ளை காசு குறைவு,
கதை கூட:
ஏழு கொப்பி, ஏழும் பாதியிலை.

கப்டன் தாவீது கச்சதீவுக்கு அங்காலை
ஒரு கயித்திலை தொங்குறான், தை மாசத்திலையிருந்து.
கீழை சுறாக்கள்.
அதுகளும் பாவம், பசியோடை சுத்துதுகள்.
மணற்காட்டுச் சவுக்குக்குள்ளை புதையல் தோண்டுற கூட்டம்
ஆறடிக் கிடங்கு வெட்டிப்போட்டு என்னைப் பாக்குது;
உள்ளை என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியாது.
நெடுந்தீவுக் குதிரையிலை ஏறினவள் இறங்கேல்லை.
நிலாவுக்குப் போற ரொக்கெட்டுக்கு
இன்னும் கதவு வைக்கேல்லை.
மிச்சம் மூண்டையும் சொல்ல வெக்கம்.

போன கிழமை ஒரு பிழை.
குதிரைக்காரியின்ரை சவுக்கு
ரொக்கெட்டுக்குள்ளை கிடந்தது.
பொனிப்பாஸ் அண்ணை கொம்பியூட்டரிலை அடிக்கேக்கை கண்டு
"நிலாவிலை ஆருக்கடா அடிக்கப் போறாய்?" எண்டார்.
அச்சகத்துக்கு நான் குடுக்கவேண்டியது நாற்பத்திரண்டாயிரம்.
ஆனபடியால் அவரின்ரை விமர்சனத்தை
எப்பவும் மதிக்கிறனான்.

பதிப்பாளர் நான். ஏஜென்ற் நான்.
கட்டுக்கட்டாய் பஸ்ஸிலை ஏத்தி
பருத்தித்துறை மட்டும் கடைகடையாய்ப் போடுறதும் நான்.
அட்டைப்படம் மட்டும் மனிசியின்ரை தம்பி,
போர்ட் எழுதுறவன்.
அவன் கீறுற முதலை
ஆளை விழுங்கேக்கையும் கொஞ்சம் சிரிக்கும்.

துவக்கு எழுதுறதை விட்டிட்டன்.
விசுவமடுவிலையிருந்து ஒரு தபாலட்டை வந்தது:
'ஆசிரியர் அவர்களுக்கு,
பன்னிரண்டாம் பக்கத்துக் கைக்குண்டு
வெடிக்க அரைப் பக்கம் எடுக்கிறது.
அவ்வளவு நேரம் அது தராது.'
வேறொண்டும் இல்லை. பேரும் இல்லை.
அண்டையோடை என்ரை வீரர் எல்லாரும் வெறுங்கை,
மிஞ்சினால் ஒரு கெற்றப்போல்.

எழுதுறது பில் கொப்பியின்ரை பின்பக்கம்.
மெசின் சூடேற அஞ்சு நிமிசம்,
கரண்ட் வர அரை மணித்தியாலம்,
இடையிலை ஒரு கொலையை முடிச்சிடலாம்.

அப்பிடித்தான் பிசகினது.
ஊரெழு நகுலேஸ்வரிக்குக் குடுத்த பில்லின்ரை முதுகிலை
கப்டனின்ரை ஒன்பதாம் அத்தியாயம் போட்டுது.
ரெண்டு மாசம் தேடினன்,
கழிவெண்ணெய் வாளிக்குக் கீழையும்.
திருப்பி எழுதப் பாத்தால்
கயிறு ஒவ்வொருக்காலும் வேறை நீளம்.

நேற்று வந்தா, மெசின் இல்லாமல்.
நகத்துக்குள்ளை வெங்காயத் தோட்டத்து மண்.
"வாசர் நல்லா நிக்குது, அதுக்கு வரேல்லை.
அந்தத் தாவீதுக்கு என்ன நடந்தது?"

எனக்குத் தெரியாதெண்டன்.
ஒரு பார்வை பாத்தா:
காசையும் வாங்கிப்போட்டு
தண்ணி வராத மெசினைத் தந்தவனைப்
பாக்கிற பார்வை.
பிறகு மடிச்ச பில்லை விரிச்சா.
முன்பக்கம் பிஸ்டன் றிங், கூலி, என்ரை கையெழுத்து.
பின்பக்கம் என்ரை வசனம் அறுந்த இடத்துக்குக் கீழை
பென்சிலாலை, சரிஞ்ச வேறை எழுத்து:

'சுறாக்கள் அலுத்துப் போய்விட்டன.
விடிஞ்சுது. வள்ளம் ஒண்டு வந்தது.
அவங்கள் அவனுக்கு முதல் தண்ணி குடுத்தாங்கள்.
ஆரெண்டு பிறகுதான் கேட்டாங்கள்.'

"இரவிலை நித்திரை வரேல்லை, அதுதான்" எண்டா.

நான் வைச்சிருந்த முடிவிலை
நீர்மூழ்கி ஒண்டு, துரோகிகள் ரெண்டு பேர்.
எல்லாரையும் வெட்டினன்.
உங்கடை பேரைப் போடவோ எண்டன்.
"ஐயோ, அவர் பகிடி பண்ணுவார்" எண்டா;
அடுத்த முறை றிங் விலையைக் குறைக்கச் சொன்னா.

ஆறு கொப்பி மிச்சம்.
குதிரையிலை ஏறினவள் இன்னும் இறங்கேல்லை,
பொனிப்பாஸ் அண்ணை காலமை ரெண்டு தரம் கோல் எடுத்தார்.
மானிப்பாய்க்காரர் மெசினைத் தூக்கி ஓட்டோவிலை வைச்சுப்போட்டு
பில் கேட்டார்.
திருப்பிப் பாத்தன்:
கதவில்லாத ரொக்கெட்.
கிழிக்கேல்லை.
குடுத்திட்டன்.