வெற்றுச் சட்டம்

தேர்வுக்குச் சட்டப் புத்தகம் எடுத்துப் போகலாம்.
குறிப்பு இருக்கக்கூடாது.
அடிக்கோடு கூடாது, ஓரத்தில் அம்புக்குறி கூடாது,
அச்சடித்தவன் சொன்னது மட்டும் இருக்கலாம்.

நானோ பென்சிலால் படித்தவள்.
குர்லா கோர்ட் வராந்தாவில்
கதம் வக்கீலின் வக்காலத்துகளுக்கு
ஸ்டாம்ப் ஒட்டிய கையோடு படித்தேன்.
ஹார்பர் லைனில், பெண்கள் பெட்டியில்,
ஒருத்தியின் முழங்கைக்கும்
இன்னொருத்தியின் மீன்கூடைக்கும் நடுவே படித்தேன்.
சுனாபட்டியில் வண்டி நின்றபோது எழுதியவை
எழுத்து மாதிரி இருக்கும்.
ஓடும்போது எழுதியவை
நண்டு நடந்த மணல்.

பாதிக்கு மேல் எண்களை மாற்றி எழுதியதுதான்.
கொலை முந்நூற்றி இரண்டிலிருந்து
நூற்றி மூன்றுக்குக் குடிபோய்விட்டது.
ஏமாற்று முந்நூற்றிப் பதினெட்டு.
ஆனாலும் கீழ்வீட்டு ஆள்
சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன அன்று
கோளிவாடா மொத்தமும்
சார் சௌ பீஸ் என்றுதான் கத்தியது.
வசவுக்கு இன்னும் கெஜட் வரவில்லை.

சனிக்கிழமை ராத்திரி
ஜெபக்கனிக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி இல்லை.
ஆளுக்கொரு ரப்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"பால் முப்பத்தி நாலுன்னு இருக்கே,
இது எந்தப் பிரிவு?"
"அது பால்தான். அழி."

"இங்க 'இது நாமதான்'னு எழுதியிருக்க?"

அனுமதி என்றால் என்ன என்று சொல்லும் பிரிவு அது.
விளக்கினேன்:
பதினோரு மாச ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்,
அதனால் நாம் வாடகைக்கு இருப்பவர்கள்கூட இல்லை.
மாத்ரே இருக்கச் சொன்னதால் இருக்கிறோம்.
சுவரில் நமக்கு ஒரு பாத்தியமும் கிடையாது.

அவள் சுவரைப் பார்த்தாள்.
"அந்த ஆணி நான் அடிச்சது."
"ஆணி உன்னோடது.
ஓட்டை மாத்ரேயோடது."
சிரித்தோம். பக்கத்து அறையில் யாரோ
பலகையைத் தட்டினார்கள்.

பிறகு அவள் கைக்கு
நூற்றி நாற்பத்தி நாலு வந்தது.
ஊர் அடங்குவதற்கு இருந்த எண்.
இப்போது ஜீவனாம்சத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.
ஓரத்தில் ஒரு தொகை இருந்தது.
அதன் கீழே, நண்டு எழுத்தில்,
நவம்பருக்கு அப்புறம் வரவில்லை.

ஜெபக்கனி எதுவும் கேட்கவில்லை.
தாள் கிழிந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்கு
அழுத்தி அழித்தாள்.

இரண்டு மணிக்குப் பாயெல்லாம் ரப்பர்த் துருவல்.
ஊதினால் பறக்கிறது, பெருக்கினால் ஒட்டுகிறது.
செகண்ட் ஹேண்ட் கறுப்புக் கோட்டிலும் கொஞ்சம்.
இரண்டு வருஷத்துக்குத்தான் அந்தக் கோட்டும்,
பாஸாகாவிட்டால் கழற்றச் சொல்வார்கள்.
அதுவும் ஒரு பதினோரு மாச ஒப்பந்தம்,
கொஞ்சம் நீளம்.

நெருல் கல்லூரி வாசலில் வரிசை.
எனக்கு முன்னால் ஒரு பையன்
அவன் அம்மாவிடம் போனில் மராத்தியில்
சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.
கேட்டில் நின்றவர் என் புத்தகங்களை வாங்கி
விசிறி மாதிரி விரித்தார்.
ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.
வெயிலுக்குச் சாய்த்தார்.

மை இல்லை, கரி இல்லை.
பென்சில் அமுங்கிய பள்ளம் மட்டும்
அந்தக் கோணத்தில் மின்னியிருக்கும்.
அழித்தவளுக்கும் தெரியும், எழுதியவளுக்கும் தெரியும்.
பள்ளம் குறிப்பில் சேருமா என்று
விதியில் இல்லை.

அவர் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.
தையலிடுக்கில் சுருண்டிருந்த ரப்பர்த் துருவலை
உஃப் என்று ஊதித் தள்ளிவிட்டு,
"சலோ, அந்தர்" என்றார்.