திங்கட்கிழமை குஞ்சு இறங்கும்

கன்னிகைப்பேர் தாண்டி இடது பக்கம்
பெயர்ப்பலகை இல்லாத மண்பாதை.
குட்டியானையில் டிரம்ஸ், இரண்டு ஆம்ப், ஒரு கோரைப்பாய்.
என் மடியில், பிரசவ வார்டிலிருந்து கூட்டி வருவது போலத்
துண்டில் சுற்றிய வாடகை ரெக்கார்டர்.
எட்டுத் தடம். நாளுக்கு அறுநூறு ரூபாய்.

கொட்டகை காலியாய் இருந்தது.
போன வாரத்துக் கோழிகள் போன வாரமே
மாதவரம், கொளத்தூர், புளியந்தோப்பு என்று
பிரிந்து தராசேறிவிட்டன.
"திங்கக்கெழம குஞ்சு எறங்குது.
அதுக்குள்ள அடிச்சி முடிச்சிக்கினு கெளம்பிடணும்"
என்றார் முனிரத்தினம்.
என்ன அடிக்கப்போகிறோம் என்று கேட்கவில்லை.

சுவரில்லாத இடத்தில் சத்தத்தை எதில் கட்டுவது?
உமி மூட்டைகள் இருந்தன, நாற்பதுக்கு மேல்.
டெஸ்மண்டைச் சுற்றி நெஞ்சுயரம் அடுக்கினோம்.
முதல் அடியில் உமித்தூள் கிளம்பி
அவன் தும்மியதும் பதிவாகியிருக்கிறது,
இரண்டாவது பாட்டு, நாற்பதாவது நொடி.
அழிக்கவில்லை. அழிக்க நேரமில்லை.

நடுராத்திரி மும்முனை மின்சாரம் வந்தால்
பக்கத்து வயலில் மோட்டார் தானாகக் கிளம்பும்.
எந்தக் கம்பியை முறுக்கினாலும் அடியில் ஒரு ம்ம்ம்.
இரண்டு ராத்திரி அதோடு சண்டை போட்ட நௌஷாத்
மூன்றாம் ராத்திரி கிடாரை இறக்கி
மோட்டாரின் சுருதிக்கே சேர்த்துக்கொண்டான்.
நான் பேஸ் வாசிக்கிறவன்.
இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் தெரியும் என்று
எங்கள் வாத்தியத்தைப் பற்றிப் பீற்றிக்கொள்வோம்.
ஐந்து குதிரைத்திறன் ஒன்று
என்னைவிடச் சுத்தமாய் அதைச் செய்துகொண்டிருந்தது.

ஞாயிறு இரவு. ஆறு பாட்டு முடிந்து
ஏழாவது மட்டும் பாக்கி.
பூங்கோதை எழுதியது. அவள் அப்பாவின் பி.எஃப். பணம்
பெயர்ப் பிழையில் நின்றுபோன கதை.
ஒரு தாளில் அரிகிருட்டிணன்,
ஒன்றில் ஹரிகிருஷ்ணன்,
ஒன்றில் ஆர். கிருஷ்ணன்.
கடைசியில் மூன்று பெயரையும் தொண்டை கிழியக் கத்தவேண்டும்,
டிரம்ஸ் இடிந்து விழவேண்டும்.
பெரம்பூர் மாடியில் அப்படிக் கத்த முடியாதென்றுதான்
இவ்வளவு தூரம் வந்தோம்.

பதினொன்றேகாலுக்கு வேன் வந்தது.
வெயிலுக்குப் பயந்து பொரிப்பகத்தில்
ஒரு ராத்திரி முன்னதாகவே ஏற்றிவிட்டார்களாம்.
மூவாயிரம், அட்டைப்பெட்டிகளில், விடாமல் ஒரே கீச்.
டெஸ்மண்டின் கோட்டையைப் பிரித்து
நாங்களே உமியைப் பரப்பினோம்.
குண்டு பல்புகளைத் தாழ இறக்கினார் முனிரத்தினம்.
"ஒரே ஒரு பாட்டு..." என்று இழுத்தேன்.
"பாடிக்க. ஆனா டமால்னு ஒண்ணு கேட்டா
எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி
ஒண்ணுமேல ஒண்ணு ஏறி மூச்சடச்சி செத்துடும்.
குஞ்சு நாப்பது ரூபா."
மூவாயிரத்தை நாற்பதால் பெருக்கிப் பார்த்த நௌஷாத்
ஆம்பின் வயரைப் பிடுங்கினான்.

டெஸ்மண்ட் தீவன மூட்டையை மடியில் போட்டு
உள்ளங்கையால் தட்டினான்.
உள்ளே மக்காச்சோளம் நகர்ந்து நகர்ந்து அமர்ந்தது.
நான் பேஸின் கட்டையைத்
தாடையோடு ஒட்டிவைத்து வாசித்தேன்,
எலும்பு வழியாக எனக்கு மட்டும் கேட்டது.
பூங்கோதை மைக்கை உதட்டோடு சேர்த்து
அப்பாவை மூன்று தடவை கூப்பிட்டாள்,
மூவரும் வெவ்வேறு அறையில்
தூங்குகிற மாதிரி.

ஒரே டேக்.

பெரம்பூரில், மிக்ஸிங் பண்ணுகிற பையன்
ஹெட்போனைக் கழற்றிக் கேட்டான்:
"அண்ணா, ஏழாவதுல பின்னாடி ஒரு மழை விழுதே,
எடுத்துடவா?"
இருக்கட்டும் என்றாள் பூங்கோதை.
இன்றோடு அதுங்களுக்கு முப்பத்தொன்பது நாள் என்றான் நௌஷாத்,
யாரும் கேட்காமலே.